கோணிய வாயும் துளை நாணலும்

பதநீர் ஏறவில்லை.

நெக்காவல் இன்னொரு முறை உறிஞ்சினாள். காயவைத்துக் குடைந்த நீளச் சுரைக்காயின் ஒரு முனை கற்றாழையின் வயிற்றுக் குழிக்குள் இருந்தது. மறுமுனை அவள் வாயில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் செய்கிற வேலை. உதட்டைக் குவித்து ஒரே இழுப்பு. பதநீர் சுரைக்காய்க்குள் சரசரவென்று ஏறும். இன்று காற்றுதான் ஏறியது. அதுவும் வாயின் இடது ஓரம் வழியாக வந்து அதே வழியாகப் போனது, பாய்த்திரை அவிழ்ந்த வாசலில் போவதுபோல.

அவள் சுரைக்காயைக் கீழே வைத்தாள். இடது உதட்டைத் தொட்டாள். விரலுக்கு உதடு தெரிந்தது. உதட்டுக்கு விரல் தெரியவில்லை.

குழிக்குள் குனிந்து பார்த்தாள். தேங்கியிருந்த பதநீரில் வானம் தெரிந்தது, கற்றாழை மடல் தெரிந்தது, நடுவில் ஒரு முகம் தெரிந்தது. வலது பாதி அவளுடையது. இடது பாதி ஆணியிலிருந்து நழுவிய துணிபோலத் தொங்கியது. கண்ணைச் சிமிட்டினாள். ஒரு கண்தான் மூடியது.

"மாயாவெல் தாயே," என்றாள் கற்றாழைக்குள் குடியிருக்கும் தெய்வத்திடம். அந்தப் பெயர்கூட ஒழுங்காக வரவில்லை.

போன வாரம் இது நடந்திருந்தால் வைத்தியரிடம் போயிருப்பாள். நாளை மறுநாள் நடந்திருந்தால் சிரித்துக்கூட இருப்பாள். இன்று நடந்துவிட்டது. இன்று வீட்டில் ஜாடிகள் ஊறிக்கொண்டிருந்தன. பதநீரைக் கள்ளாக்கும் வேரைப் போட்டு மூன்றாம் நாள். நாளை மலைமேல், கள்ளின் தெய்வங்களான நானூறு முயல்களின் கோயிலில் அவற்றைத் திறக்க வேண்டும். வேர் விழுந்ததிலிருந்து திறக்கிறவரை அந்தக் கள்ளை யாரும் தொடக்கூடாது. நாக்கு பட்டால் வாய் கோணும். விரல் பட்டால் விரல் சூம்பும். தெப்போஸ்த்லான் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அவள் தொடவில்லை. ஆனால் வாய் கோணிவிட்டது.

கீழ்த்தெருவில் போன வருடம் ஒருத்தி மாட்டினாள். சந்தை நடுவில் உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். பிறகு வீட்டை இடித்தார்கள். கல்லைப் பக்கத்து வீட்டுக்காரர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கல்லில் இரண்டு நெக்காவல் வீட்டு அடுப்பிலும் இருந்தன.

அவள் மேலாடையின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஷோக்கோ முற்றத்தில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். நெக்காவலின் நாத்தனார். நாக்கு நீளம், மனசு நல்லது. ஜாடி ஊறும் வீட்டில் சத்தம் போட்டால் கள் புளித்துவிடும் என்பதால் இந்த மூன்று நாளாக ரகசியக் குரலில்தான் வம்பு பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, மூஞ்ச அப்படி வச்சிருக்க? யாரப் பாத்து பழிப்பு காட்டுற?"

"காட்டல. அப்படியே நின்னுபோச்சு."

ஷோக்கோ கையிலிருந்த குழவி நின்றது. எழுந்து வந்து அண்ணியின் கையை விலக்கிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"குடிச்சியா?" என்றாள் காதுக்குள்.

"அடியே."

"ஒரே ஒரு சொட்டு? வேரு எறங்கிடுச்சான்னு பாக்க?"

"மோந்துதான்டீ பாப்பேன். எப்பவும் மூக்குதான்."

"மூக்கு கோணல அண்ணி. வாயில்ல கோணியிருக்கு."

நெக்காவல் சுவரோரம் உட்கார்ந்தாள். ஜாடிகள் இருந்த அறையைப் பார்த்தாள். வாசலில் பாய் தொங்கியது. உள்ளே நுரை வெடிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல.

தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்திருப்பேனோ என்று நினைத்தாள். இல்லை. அவள் தூங்கினால் கட்டை. அவள் மெல்ல யோசித்தாள். நான் குடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். வாய் கோணியிருக்கிறது, அது ஊருக்கே தெரியப்போகிறது. முயல் பொய் சொல்லாது. அப்படியானால் யாரோ தொட்டிருக்கிறார்கள். அந்த அறைக்குள் போகிறவர்கள் மூன்றே பேர்.

"வாயக் காட்டு," என்றாள்.

"நானா?"

"காட்டுடீ."

ஷோக்கோ காட்டினாள். கடைவாய்ப்பல் வரைக்கும் காட்டினாள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. "போதுமா? இல்ல தொண்டையும் பாக்கணுமா?"

"உங்கண்ணன் எங்க?"

அண்ணன் பாடிக்கொண்டே வந்தான். ஒசோமா கோயில் பாட்டுக்காரன். விழாவுக்கு முந்தைய நாள் என்பதால் காலையிலிருந்தே ஒத்திகை. ஊரில் அவன் குரலுக்கு மதிப்பு உண்டு. அவன் புத்திக்கு அவ்வளவு இல்லை. வாசலில் நுழைந்தவன் ஜாடி ஞாபகம் வந்து பாட்டைப் பாதியில் விழுங்கினான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தான். மடக்கினான். நீட்டினான்.

"கையில என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. முள்ளு."

"வாயத் தொற."

திறந்தான். நல்ல வாய். இரண்டு பக்கமும் ஒரே உயரம். குற்றம் செய்யாதவன் வாய்.

"அப்போ நான்தான்," என்றாள் நெக்காவல்.

"நீ இல்ல புள்ள," என்றான் ஒசோமா.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். நீ அப்படிப்பட்டவ இல்ல." விரலைக் கக்கத்தில் செருகிக்கொண்டான். "மொத்தம் நானூறு முயலு. அதுல ஒண்ணு ரெண்டுக்குக் கண்ணு மங்கலா இருக்கும். எங்கயோ விழ வேண்டிய அடி தப்பி விழுந்திருக்கும்."

"அடி தப்பினா தப்பட்டும். வாய் என்னுதாச்சே."

மூன்று பேரும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். போகாமல் இருக்க முடியாது. ஜாடியை ஊறவைத்தவள்தான் மூடியைத் திறக்க வேண்டும். வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. முகத்தை மூடிக்கொண்டும் போக முடியாது, சாமி முன்னால் முக்காடு ஆகாது. பல்வலி என்று சொல்லலாம். பூசாரி வாயைத் திறக்கச் சொன்னால்?

"நாக்குல முள்ளு குத்திக்க அண்ணி," என்றாள் ஷோக்கோ.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"விரதம்னு சொல்லுவோம். கற்றாழ முள்ளக் குத்திக்கிட்டு வர்றவங்கள யாரு வாயத் தொறக்கச் சொல்லப்போறா? வீங்கினாலும் கேள்வி இல்ல, கோணினாலும் கேள்வி இல்ல. பேசவும் வேண்டாம்."

நெக்காவல் எழுந்தாள். தோட்டத்துக்குப் போனாள். நல்ல முள்ளாக ஒன்று ஒடித்துக்கொண்டு வந்தாள்.

ஒசோமா திரும்பி நின்றுகொண்டான்.

*

மலை ஏறும்போதே முரசு காதைப் பிடித்துக்கொண்டது. பாறையில் பட்டு, எதிர்ப்பாறையில் பட்டு, நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. படியெங்கும் கூட்டம். வான்கோழிக் குழம்பு வாசனை, தூப வாசனை, வியர்வை வாசனை. பெண்கள் மஞ்சள் பூ மாலையைத் தலையில் வைத்திருந்தார்கள். முகத்தில் நீளக்காது முயல் முகமூடி கட்டிய பிள்ளைகள் கால்களுக்கு நடுவில் ஓடின.

நெக்காவல் முதுகில் ஜாடி இருந்தது. நெற்றியில் கட்டிய பட்டை கழுத்தை இழுத்தது. நாக்கில் முள் இருந்தது. வழியில் பார்த்தவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். "கடுமையான விரதம்," என்று ஒருத்தி சொன்னாள். நெக்காவல் தலையை மட்டும் அசைத்தாள். பயத்துக்கு நடுவிலும் முரசு அவள் காலை விடவில்லை. கால் தாளத்துக்கு ஏற்பத்தான் படி ஏறியது.

"போன வருஷம் துளை நாணல் எடுத்து வயிறு முட்டக் குடிச்சவன் ஞாபகம் இருக்கா அண்ணி?" ஷோக்கோ பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். வீட்டை விட்டு வந்ததும் அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "பூசாரிய நாள் பூரா பூசணிக்கான்னு கூப்புட்டான். அவரும் என்னப்பா என்னப்பான்னு கேட்டுட்டு இருந்தாரு. பின்ன, முயல் கூப்பிட்டா பதில் சொல்லாம முடியுமா?"

குடித்தவன் வாயில் வருவது அவன் பேச்சு அல்ல. உள்ளே ஏறிய முயலின் பேச்சு. அதைக் கேட்டுக் கோபப்படுகிறவன், அதை வைத்து வழக்குப் பேசுகிறவன், முயலையே வைதவன் ஆவான். முயல் அவனைச் சும்மா விடாது. அதனால்தான் அந்த ஒரு நாள் பூசாரி பூசணிக்காய் ஆனார்.

உச்சியில் கல் முயல் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஜாடிகள் வரிசையாக இறங்கின. மேல்தெரு ஜாடி நெக்காவலுடையது. கீழ்த்தெரு ஜாடி தெக்கோலுடையது. முதலில் திறக்கிற ஜாடி எப்போதும் மேல்தெருவினுடையதாகவே இருந்தது. தெக்கோலுக்கு அது தூக்கம் கெடுக்கிற விஷயம்.

பூசாரி வந்தார். இரண்டு முயல் என்பது அவர் பதவிப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். உருண்டையான மனிதர். நெக்காவல் மூடியைத் திறந்ததும் ஜாடிக்குமேல் மூக்கை வைத்தார். கண்ணை மூடினார்.

"தாயி," என்றார். "மாயாவெல்லோட நானூறு முலையிலயும் கறந்துட்டியா?"

கூட்டம் சிரித்தது. நெக்காவல் குனிந்து வணங்கினாள். பூசாரி முள்ளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார், அடுத்த ஜாடிக்கு நகர்ந்தார்.

தப்பித்தாள். அவள் மூச்சு விட்டாள்.

"பெரியவரே," என்றான் தெக்கோல். "அந்தம்மா அழுவுறாங்க."

"விரதம்னா வலிக்கும்ல."

"ஒத்தக் கண்ணுல அழுவுறாங்க."

பூசாரி திரும்பினார். நெக்காவலின் இடது கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. வலது கண் காய்ந்திருந்தது. மூடாத கண்ணை மலைக்காற்று சும்மா விடுமா?

"கண்ண மூடு தாயி."

அவள் மூடினாள். ஒன்று மூடியது.

முரசு அடிப்பவன் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். பூசாரி மெல்ல வந்து அவள் நாக்கிலிருந்து முள்ளை உருவினார். "வாய மூடு." மூடினாள். "சிரி."

நெக்காவல் சிரித்தாள். கூட்டத்தில் ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள்.

"நான் குடிக்கல," என்றாள் நெக்காவல். அப்படிச் சொல்லத்தான் நினைத்தாள். வீங்கிய நாக்கும் தொங்கிய உதடும் சேர்ந்து அதை வேறு மாதிரி வெளியே விட்டன. "ஞா குழிக்கழ."

"கேட்டீங்களா?" என்றான் தெக்கோல். "நாக்கு கொழறுது. குடிச்சிருக்கா. இப்பக்கூட போதையிலதான் இருக்கா."

முள் காப்பாற்றும் என்று குத்திக்கொண்டாள். முள்ளே காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். இன்னும் மோசமாக வந்தது. கூட்டம் ஓரடி பின்னால் போனது. யாரோ சவரக் கத்தி எடுத்து வரச் சொன்னார்கள். யாரோ மேல்தெருவில் அந்த வீடு எது என்று விசாரித்தார்கள். அவர்களுக்கு அடுப்புக்கல் தேவைப்பட்டிருக்கலாம்.

"ஜாடியக் கவுத்துடுங்க பெரியவரே," என்றான் தெக்கோல். "என்னோடது இருக்கு. அத மொதல்ல தொறக்கலாம்."

பூசாரி ஜாடியின் விளிம்பைப் பிடித்தார். சாய்த்தார். நுரை விளிம்புவரை வந்து நின்றது. அந்த வாசனை இன்னொரு முறை அவர் மூக்குக்குள் போயிருக்க வேண்டும். ஜாடியை நிமிர்த்தினார்.

"தொட்ட கள்ளா தொடாத கள்ளா, எனக்கெப்படித் தெரியும்?" என்றார். "நான் மோந்து பாக்கிறவன். குடிக்கிறவன் வாய்க்குத்தான் தெரியும். நாணல் ஆட்டம் நடக்கட்டும். துளை நாணல் யாரு கையில விழுதோ அவன் இந்த ஜாடியில குடிப்பான். தொட்ட கள்ளா இருந்தா அவன் வாயும் கோணும். கோணினா ஜாடியும் போச்சு, இவ முடியும் போச்சு, வீடும் போச்சு. கோணலன்னா இவ மேல ஒரு வார்த்த யாரும் பேசக்கூடாது."

கூட்டம் சரி என்றது. முரசு மறுபடி எழுந்தது.

கல் முயலைச் சுற்றி நாணல்களைப் பரப்பினார்கள். எத்தனை என்று பூசாரிக்குத்தான் தெரியும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எல்லாவற்றிலும் உள்ளே சக்கை அடைத்திருக்கும். ஒன்றே ஒன்றில் துளை உண்டு. அதை எடுக்கிறவன் அன்றைக்குத் தனியாக, வயிறு நிறையக் குடிக்கலாம். வயது பார்ப்பதில்லை, குலம் பார்ப்பதில்லை. தலை நரைக்கும்வரை ஒரு சொட்டுக்கும் வழியில்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம். ஒவ்வொரு வருடமும் சங்கு ஊதிய உடனே பாட்டுக்காரர்கள் பாய்வார்கள். மூக்கு உடையும். வேட்டி கிழியும். ஒருவன் காதை இன்னொருவன் கடித்த வருடமும் உண்டு.

சங்கு ஊதியது.

யாரும் பாயவில்லை.

பாட்டுக்காரர்கள் வட்டமாக ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். ஆனால் வட்டம் சுற்றச் சுற்றப் பெரிதானது. நாணல் இருந்த பக்கம் ஒரு கால்கூட நீளவில்லை. ஒருவன் ஆடிக்கொண்டே கோயில் தூணுக்குப் பின்னால் போனான், திரும்பி வரவில்லை.

"ஏன்டா, நாணல் என்ன பாம்பா?" என்று கத்தினாள் மிளகாய் விற்கிறவள். "போன வருஷம் என் வீட்டுக்காரன் பல்ல ஒடச்சவன் எங்கடா? வாடா, இந்தா தனியா கெடக்கு, வந்து எடு."

"எனக்குக் கால் சுளுக்கு," என்றது ஒரு குரல்.

"கால் சுளுக்கு ஆடும்போது தெரியலையா?"

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. யாரும் எடுக்காவிட்டால் ஜாடி தொட்ட ஜாடிதான். அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெக்காவல் தன் கூந்தலைக் கையால் பிடித்துக்கொண்டாள். முழங்கால்வரை இறங்குகிற கூந்தல். இப்போதே போய்விட்டதுபோலத் தலை லேசாக இருந்தது.

அப்போது வட்டம் உடைந்தது. ஒசோமா உள்ளே வந்தான்.

அவன் பாயவில்லை. நடந்து வந்தான். நாணல்களுக்கு நடுவில் நின்றான். தன் வலது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலைப் பார்த்தான். மடக்கினான். நீட்டினான்.

நெக்காவலுக்கு அப்போதுதான் புரிந்தது.

முள் இல்லை. முள் எப்போதுமே இல்லை. பாட்டுப் பயிற்சிக்குப் போகிற வழியில், அவள் தோட்டத்தில் இருந்த நேரம், பாயை விலக்கி, ஜாடி மூடியை நகர்த்தி. அவள் அந்த விரலைத் தன் கண்ணாலேயே பார்த்ததுபோல இருந்தது. நுரைக்குள் போகிறது. வெளியே வருகிறது. வாய்க்குள் போகிறது. பாவி. கழுத்தை நெரிக்கலாம்போல வந்தது.

அடுத்த கணம் வேறொன்று உறைத்தது. இவன் குடித்தால் கோணாமல் இருக்குமா? ஒரு முறை தப்பிய அடி இன்னொரு முறையும் தப்புமா? வாய்தான் அவன் சோறு. கோணிய வாயால் எந்தக் கோயிலில் பாடுவது? அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறான். என் வாய்க்குப் பதில் அவன் வாயைக் கொடுக்க வந்திருக்கிறான். கொடுத்தால் இரண்டு வாயும் போகும், வீடும் போகும். இந்த மூடனுக்கு அதுகூடவா தெரியாது?

"வேழாம்," என்று கத்தினாள். முரசில் அது கரைந்தது.

ஒசோமா ஒரு நாணலை எடுத்து ஊதினான். சத்தமில்லை. எறிந்தான். அடுத்ததை எடுத்தான். ஊதினான். எறிந்தான்.

"சக்கை," என்றது கூட்டம்.

அடுத்தது.

"சக்கை."

ஒரு மனிதன் தனியாக அத்தனை நாணலையும் ஊதுவதை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் முதலில் சேர்ந்துகொண்டார்கள். பிறகு எல்லோரும். அவன் எடுக்கும்போது மூச்சைப் பிடித்தார்கள், எறியும்போது விட்டார்கள். முரசடிப்பவன் ஒவ்வொரு சக்கைக்கும் ஓர் அடி கொடுத்தான். ஒசோமாவின் கன்னம் உப்பி உப்பிச் சிவந்தது. நாணல் குறைந்துகொண்டே வந்தது. அடி வேகமானது. சக்கை, சக்கை, சக்கை. தூணுக்குப் பின்னால் போனவன்கூடத் தலையை நீட்டினான். ஷோக்கோ அண்ணியின் தோளில் நகத்தைப் பதித்திருந்தது அவளுக்கும் தெரியவில்லை, அண்ணிக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாணல் பாடியது.

மெல்லிய சத்தம். குருவிக் குஞ்சு கூப்பிட்டதுபோல. மலை முழுவதும் கேட்டது.

ஒசோமா அந்த நாணலை உதட்டில் வைத்தபடியே நின்றான். பிறகு மனைவியைப் பார்த்தான். சிரித்தான். நேரான வாயால் அவன் சிரிக்கிற கடைசிச் சிரிப்பு இது என்று நெக்காவல் நினைத்தாள். நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பூசாரி கிண்ணத்தில் மொண்டு கொடுத்தார். ஒசோமா நாணலை வைத்து உறிஞ்சினான். கிண்ணம் காலியானது.

"பல்லக் காட்டு."

காட்டினான். பூசாரி இடது கன்னத்தைக் கிள்ளினார். வலது கன்னத்தைக் கிள்ளினார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி அளந்தார்.

"நேரா இருக்கு."

கூட்டம் ஓவென்றது. இரண்டாவது கிண்ணம். நேராக இருந்தது. மூன்றாவது. ஒசோமாவின் மூக்கு மட்டும் சிவந்தது. "மூக்கு கணக்கில்ல," என்றார் பூசாரி. நான்காவது முடிந்ததும் ஒசோமா ஒரு காலை மாற்றி வைத்தான், பிறகு அதைத் திரும்ப எடுத்து வைத்தான்.

"போதும்," என்றார் பூசாரி. ஐந்தாவதை யாரும் லேசில் கொடுப்பதில்லை. முயல் ஏறுவது ஐந்தாவதில்தான்.

"அதெப்படி?" என்றான் தெக்கோல். "நாலு வரைக்கும் முயல் தூங்கிட்டு இருக்கும். அஞ்சுலதான் முழிக்கும். முழிச்ச பெறகுதான கோணும்? அஞ்சாவதும் குடுங்க."

"குடு," என்றது கூட்டம். அதற்கு நியாயத்தைவிட வேடிக்கை முக்கியமாகிவிட்டது.

ஒசோமா ஐந்தாவதை நாணல் இல்லாமலே குடித்தான். கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

எல்லோரும் காத்திருந்தார்கள். காற்று நின்றது. ஒசோமா வாயை அகலமாகத் திறந்தான்.

அந்த வாயிலிருந்து பாட்டு வந்தது. மாயாவெல்லின் பாட்டு. ஒவ்வொரு சொல்லும் நேராக, உருண்டையாக, பழுதில்லாமல் வந்து பாறையில் மோதித் திரும்பியது. அவன் இவ்வளவு நன்றாகப் பாடி யாரும் கேட்டதில்லை. பாட்டு முடிவதற்குள் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள், மிளகாய்க்காரி ஆடினாள், பூசாரியின் தொந்தி ஆடியது.

"சுத்தமான கள்ளு," என்று பூசாரி கத்தினார். "இவ மேல குத்தமில்ல. வாய்க்குக் காத்து பிடிச்சிருக்கு. வென்னீர் ஒத்தடம் குடுங்க." தெக்கோல் பக்கம் திரும்பினார். "உன் ஜாடியும் எடுத்துட்டு வா. ஆனா ரெண்டாவதா."

ஷோக்கோ அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நெக்காவலும் குதித்தாள். கூந்தல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. அவள் அதைக் கட்டவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றான் ஒசோமா.

அவன் கல் முயலின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கையைத் தூக்கினான். ஆள்காட்டி விரல் தனியாக நின்றது.

"இந்த விரல்தான்," என்றான் ஊருக்கே கேட்கும் குரலில். "நான்தான் விட்டேன். ரெண்டாம் நாளு. உள்ள விட்டு எடுத்து நக்கினேன். பொய் சொல்லக்கூடாது, ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் இன்னொரு வாட்டி விட்டேன்."

நெக்காவல் குதித்த இடத்திலேயே நின்றாள். ஷோக்கோவின் கை அவள் இடுப்பில் கல்லானது.

பூசாரியின் தோள் குலுங்கியது. முதலில் தோள், பிறகு தொந்தி.

"முயல் பேசுது," என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "விரல விட்டுச்சாம். யோவ் முயலு, நீ எங்கதான் விரல விடல?"

"முயல் பேசுது," என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. சிரிப்பு படியிறங்கிக் கீழேவரை போனது.

"நெசமாத்தான்," என்றான் ஒசோமா. அழுதான். "நெசமாத்தான்டா பூசணிக்கா."

"சரிப்பா, சரிப்பா," என்றார் பூசாரி.

தெக்கோல் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த விரலைப் பார்த்தான். ஒசோமாவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு நெக்காவலின் வாயைப் பார்த்தான். குடித்தவன் பேச்சை வைத்து வழக்குப் பேசுகிறவனுக்கு என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். மெல்ல வாயை மூடிக்கொண்டான். பத்திரத்துக்குக் கையாலும் பொத்திக்கொண்டான்.

*

வெயில் சாய்வதற்குள் இறங்கினார்கள். ஒசோமாவின் ஒரு கை மனைவி தோளில், ஒரு கை தங்கை தோளில். கால்கள் அதனதன் இஷ்டத்துக்கு வந்தன. பின்னால் பாதித் தெரு அவனைப் பாடச் சொல்லிக்கொண்டு வந்தது.

நெக்காவல் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். விரல் இவனுடையது. வாய் என்னுடையது. முயலுக்கு வீடு தெரிந்திருக்கிறது, ஆள் தெரியவில்லை. அல்லது ஆளும் தெரிந்திருக்கும், நல்ல பாட்டுக்காரன் வாயைக் கெடுக்க மனசு வந்திருக்காது. எப்படிப் பார்த்தாலும் தண்டனை முடிந்துவிட்டது. முயலுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது.

அவளுக்குச் சேர வேண்டியது பாக்கி இருந்தது.

"எந்த விரலுய்யா?" என்றாள். நாக்கு கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஒசோமா காட்டினான். பெருமையாகத்தான் காட்டினான். சூம்பவில்லை, வளையவில்லை. கொழுத்த, ஆரோக்கியமான விரல்.

அவள் அதைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். வலது பக்கமாக வைத்தாள். அந்தப் பக்கத்துப் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒசோமா போட்ட சத்தத்தில் பாறையிலிருந்து புறாக்கள் எழுந்தன.

"முயல் பாடுது," என்றார்கள் பின்னால் வந்தவர்கள்.